52எக்ஸ் என்று அட்டையில் போட்டிருந்தது

ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் என் ஸ்டுடியோவுக்குப் பின்பக்கம் ஒரு ஆச்சி கருவாடு காயப்போடுவார். 2003, 2004 வாக்கில் அந்தக் களத்தைச் சுற்றி நட்டிருந்த கம்புகளில் நூல் கட்டித் தொங்கிய சிடிக்கள் அத்தனையும் நான் கெடுத்தவை. காற்றில் சுழன்று வெயிலில் பளீரென்று அடிக்கும், காக்கா கிட்டே வராது. காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போதே, "தம்பி, நேத்து எத்தனை தேறுச்சு?" என்பார். ஆச்சி கணக்கில் தேறியது என்றால் என் கணக்கில் போனது. ஒன்றுமில்லை என்று சொன்னால் முகம் வாடிவிடும்.

அந்தக் காலத்து நோட்டு ஒன்றைப் போன மாதம் பரணிலிருந்து எடுக்கவேண்டி வந்தது. பாம்பனிலிருந்து ஒரு அக்கா மூன்று சிடியோடு வந்திருந்தார். 2004 மே மாதம் நடந்த அவர் கல்யாணத்து விசிடி. எடுத்ததும் நான்தான், எழுதிக் கொடுத்ததும் நான்தான். எங்கள் பக்கத்தில் அந்த மாதம் மூச்சுவிட நேரமிருக்காது. தவக்காலத்தில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். ஈஸ்டர் முடிந்ததும் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். அப்போது ஏப்ரல் 15-லிருந்து 45 நாள், இப்போதுதான் 61 நாள். விசைப்படகெல்லாம் கரையில் நிற்க, ஆம்பளைகள் எல்லாரும் வீட்டில் இருக்கும் சமயம் அது ஒன்றுதான். வரிசையாகக் கோயிலில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிப்பார்கள், வரிசையாகத் தாலி கட்டுவார்கள்.

அக்காவுக்கு எதற்கு இருபது வருசம் கழித்து அந்த வீடியோ என்று கேட்டேன். ஞாபகத்துக்காக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. அவருக்கும் நாத்தனாருக்கும் ஒரு ரெட்டைவடச் சங்கிலி விஷயமாக வழக்கு. கல்யாணத்தன்று அது யார் கழுத்தில் இருந்தது என்று தெரியவேண்டும். "மூணாவது சிடியில, எங்கள வழியனுப்புற எடத்துல, ரெண்டு பேரும் பக்கத்துல நிப்போம். அதைப் பாத்தா போதும் தம்பி."

மூன்றாவது சிடி என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. காரணம் சொல்ல நோட்டுக்குப் போகவேண்டும்.

2003 கடைசியில் மதுரைக்குப் போய் ஒரு சிடி ரைட்டர் வாங்கிவந்தேன். மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். அட்டையில் 52/32/52 என்று போட்டிருந்தது. எழுதுவது 52எக்ஸ், அழித்தெழுதும் சிடி 32எக்ஸ், படிப்பது 52எக்ஸ். ஒரு எக்ஸ் என்றால் விநாடிக்கு 150 கிலோபைட். அப்படியானால் 52எக்ஸ் விநாடிக்கு 7,800. எண்பது நிமிட சிடியை ஒன்றரை நிமிடத்தில் எழுதி முடிக்கவேண்டும் என்று மீட்டர்கேஜ் ரயிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். அதற்கு முன் நான் வைத்திருந்தது 4எக்ஸ். ஒரு சிடிக்கு இருபது நிமிடம்.

கடைக்கு வந்து முதல் சிடி எழுதினேன். கைக்கடிகாரத்தில் பார்த்தால் இரண்டே முக்கால் நிமிடம். ஏமாற்றிவிட்டான் என்றுதான் முதலில் தோன்றியது. சிடி எழுதும் நீரோ மென்பொருளோடு வரும் சிடி-டிவிடி ஸ்பீடு என்ற சின்ன மென்பொருளைப் போட்டு டெஸ்ட் ஓட்டினேன். பச்சைக் கோடு வேகம், மஞ்சள் கோடு சுழற்சி. மஞ்சள் கோடு தரையில் வைத்த கயிறு மாதிரி நேராகப் போக, பச்சைக் கோடு 22, 23-இல் கிளம்பி மெல்ல மெல்ல ஏறிக் கடைசி ஓரத்தில்தான் 52-ஐத் தொட்டது. சராசரி என்று பார்த்தால் 39 பக்கம்.

இது ஏன் என்று புரிய நான் பார்த்துப் பழகிய ஒரு திருவிழாவை நினைத்துக்கொள்ளவேண்டியிருந்தது. ஜூலையில் சந்தியாகப்பர் கோயில் திருவிழாவுக்கு ராட்டினம் போடுவார்கள். நடுக்கம்பத்துக்குப் பக்கத்துக் குதிரையும் ஓரத்துக் குதிரையும் ஒரே நேரத்தில்தான் ஒரு சுற்றை முடிக்கின்றன, ஆனால் ஓரத்துக் குதிரையில் உட்கார்ந்த பிள்ளைதான் கத்துகிறது. சிடி உள்ளேயிருந்து வெளியே எழுதப்படுவது. தட்டு ஒரே சீராக, நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்குப் பக்கத்தில் சுழல்கிறது. உள்வட்டத்தில் லென்ஸுக்குக் கீழே கடந்துபோகும் தூரம் குறைவு, வெளிவட்டத்தில் அதிகம். அட்டையில் போட்ட 52, ஓரத்துக் குதிரையின் வேகம். பொய் இல்லை. கடைசி சில மில்லிமீட்டருக்கு மட்டும் உண்மை.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் நோட்டு. நாற்பது பக்கக் கட்டுரை நோட்டில் ஒவ்வொரு வேகத்துக்கும் ஒரு முழு சிடி எழுதி நேரம் குறித்தேன். 16-இல் ஐந்தரை நிமிடத்துக்குக் கொஞ்சம் கீழே. 24-இல் நாலு. 40-இல் மூன்றும் சில்லறையும். 52-இல் இரண்டே முக்கால். இந்தப் பட்டியலை எழுதிவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 24-க்கும் 52-க்கும் நடுவில் இருப்பது ஒன்றேகால் நிமிடம். பக்கத்து டீக்கடையில் ஒரு கிளாஸ் ஆத்திக் கொடுக்க அதைவிட அதிக நேரம் ஆகும். அந்த ஒன்றேகால் நிமிடத்துக்காகத் தட்டு இரைகிற இரைச்சலில் மேஜையே நடுங்கியது. நடுவளையத்தில் மயிரிழை விரிசல் இருந்த ஒரு சிடி ட்ரைவுக்குள்ளேயே வெடித்தது இன்னொரு கதை. தூளைப் பொறுக்கி எடுக்க இரண்டு நாள் ஆனது.

அடுத்த டெஸ்ட் எனக்கு ரொம்பப் பிடித்தது. பழைய 4எக்ஸ் ரைட்டர் ஓடும்போது கடையில் யாரும் மவுஸைத் தொடக்கூடாது, அது சட்டம். எழுதிக்கொண்டிருக்கும் லேசருக்குக் கொடுக்கத் தரவு ஒரு கணம் வராமல் போனால் அந்த சிடி ஆச்சிக்குத்தான். புதிய ரைட்டர்களில் இதற்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. 2000-இல் சான்யோ கொண்டுவந்த பர்ன்-ப்ரூஃப் போல ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருந்தது. தரவு நின்றால் லேசர் நிற்கும், வந்தால் விட்ட இடத்தைத் தேடிப்பிடித்துத் தொடரும். நம்பலாமா என்று பார்க்கவேண்டாமா? ட்ரைவுக்குள் இருப்பது, எழுதப்போகும் தரவைக் கொஞ்சம் சேர்த்துவைக்கும் 2 எம்பி பஃபர். 4எக்ஸில் அது மூன்று விநாடிக்கு மேல் தாங்கும், 48எக்ஸில் கால் விநாடிதான், கண் இமைத்தால் காலி. அதனால் வேண்டுமென்றே வம்பு செய்தேன். 48-இல் எழுத விட்டுவிட்டு, அதே ஹார்ட் டிஸ்க்கில் சிதறிய கோப்புகளை ஒழுங்காக அடுக்கும் டிஃப்ராக் ஓட்டி, ஒரு மணி நேர வீடியோவையும் காப்பி போட்டேன். விளக்கு மினுக்கி மினுக்கி நின்றது, மறுபடி கிளம்பியது, மறுபடி நின்றது. மூன்று நிமிட வேலை ஏழு நிமிடம் ஆனது. ஆனால் சிடி ஓடியது! ஆச்சியிடம் போய் இனி சிடி கிடைப்பது கஷ்டம் என்று சொன்னேன். "அப்ப காக்காவுக்கு நீதான் பதில் சொல்லணும்" என்றார்.

ஆச்சிக்கு யோகம் இருந்தது. மார்ச் கடைசியில் திடீரென்று எல்லா சிடியும் ஏழெட்டு நிமிடம் எடுக்க ஆரம்பித்தன. எழுதும்போது மவுஸ் அம்பு தவளை மாதிரித் தாவியது. ப்ளாங்க் சிடியைத் திட்டினேன். ட்ரைவைத் திட்டினேன். மூடியைக் கழற்றி லென்ஸைத் துடைத்தேன், செய்யக்கூடாத வேலை. மதுரைக் கடைக்காரருக்கு எஸ்டிடி போட்டுச் சண்டைகூடப் போட்டேன், பாவம் அவர். கடைசியில் குற்றவாளி யார் என்றால் கடல் காற்று.

எங்கள் தீவில் இரண்டு பக்கமும் கடல். சைக்கிள் செயின், கதவுக் கீல், காமிரா ஸ்டாண்டு எதையும் உப்புக்காற்று விட்டுவைக்காது. ட்ரைவின் பின்னால் கேபிள் மாட்டும் ஊசிகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. அதனால் தரவு போகும்வழியில் பிழை. விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஒரு குணம் உண்டு. அந்தக் கேபிள் வழியில் ஆறு பிழை சேர்ந்துவிட்டால், இந்த ட்ரைவுக்கு வேகம் தாங்காது என்று தானாகவே முடிவு கட்டி, ப்ராசஸரைத் தொந்தரவு செய்யாமல் தரவு போகும் டிஎம்ஏ முறையிலிருந்து ஒவ்வொரு படியாக இறக்கிப் பிஐஓவில் கொண்டுபோய் உட்காரவைத்துவிடும். நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லாது. பிஐஓ என்றால் ஒவ்வொரு துண்டுத் தரவையும் ப்ராசஸரே கையால் தூக்கிக் கொடுக்கவேண்டும், அதனால்தான் மவுஸ் தாவியது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஊசிகளைத் தேய்த்து, கேபிளை மாற்றி, டிவைஸ் மேனேஜரில் அந்தக் கேபிளுக்குரிய ஐடிஇ சேனலை நீக்கிவிட்டு மறுபடி பூட் செய்தேன். பழைய வேகம் வந்தது. அன்றைக்கு நோட்டில் எழுதியிருக்கிறேன்: "ட்ரைவை டெஸ்ட் பண்ணுமுன் கம்பியை டெஸ்ட் பண்ணு." பக்கத்திலேயே, மாசம் ஒருமுறை பிரஷ், என்றும்.

ஆனால் வேகமெல்லாம் எனக்குத்தான். வாடிக்கையாளருக்கு வேண்டியது அவர்கள் வீட்டு விசிடி ப்ளேயரில் படம் திக்காமல் ஓடுவது. அதை அளக்க வேறு கோல் வேண்டும். சிடியைப் படிக்கும்போது சின்னச் சின்னப் பிழைகள் வந்துகொண்டேதான் இருக்கும். ட்ரைவ் அவற்றைக் கணக்குப் போட்டு அந்த இடத்திலேயே சரிசெய்துவிடும். முதல் சல்லடையில் சிக்குவது சி1. அதைத் தாண்டி வருவது சி2. ஒரு எக்ஸ் வேகத்தில் விநாடிக்கு 7,350 தரவுத் துண்டுகள் (ஃப்ரேம்) ஓடும், அதில் பிழையுள்ளவை சராசரி 220-க்குள் இருக்கவேண்டும் என்பது சிடியின் இலக்கணம். நல்ல சிடியில் அதற்கு ரொம்பக் கீழே இருக்கும், சி2 ஒன்றுகூட இருக்கக்கூடாது. இதைப் படம் போட்டுக் காட்டும் கே-ப்ரோப் என்ற மென்பொருள் லைட்-ஆன் ட்ரைவில் மட்டும்தான் ஓடும். என்னுடையது அது இல்லை. ராமநாதபுரத்தில் ப்ரவுஸிங் சென்டர் வைத்திருந்த ஒரு மச்சானிடம் இருந்தது. வாரம் ஒருமுறை பத்துப் பன்னிரண்டு சிடியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் பாலம் தாண்டிப் போவேன். டெஸ்ட் ரிப்போர்ட் வாங்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் மாதிரி.

அங்கே தெரிந்தவை சில என் நினைப்புக்கு நேர்மாறு. மெதுவாக எழுதினால் நல்லது என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். 48, 52 என்று அச்சடித்த சிடியை 4-இல் எழுதியபோது பிழை கூடியது, குறையவில்லை. அதில் லேசர் எழுதும் சாயம் வேகமான, பலமான லேசருக்கென்று கலந்தது. 16-இலும் 24-இலும் பிழைக் கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. 52-இல் முதல் முக்கால்வாசி ஒழுங்காக இருந்துவிட்டு, வெளி ஓரத்தில் கோடு பனைமரம் ஏறியது. விலை குறைந்த, பெயரில்லாத டப்பா சிடியில் அதே ஓரத்தில் சி2 முளைத்தது. மே மாத வெயிலில் விசிறிகூட இல்லாத என் கடையில் தொடர்ந்து ஐந்தாறு சிடி எழுதினால், கடைசிச் சிடிகள் முதல் சிடியைவிட மோசம். அதனால் நாலு சிடிக்கு ஒருமுறை ட்ரேயைத் திறந்துவைத்து ஆறவிடுவேன். பார்க்கிறவர்கள், மிஷின் மூச்சு வாங்குதா என்பார்கள். ஆமாம் என்பேன்.

ஆக, என் சட்டம் தயாரானது. வாடிக்கையாளர் சிடி என்றால் 16, அவசரம் என்றால் 24. அதற்கு மேல் இல்லை. யாருடைய சிடியை எந்த வேகத்தில் எழுதினேன் என்று தேதியோடு குறிப்பேன்.

அக்காவின் கல்யாணத்துக்கு நேரே எழுதியிருந்தது இது: ஒன்று - 16. இரண்டு - 16. மூன்று - 48, அடைப்புக்குள் "பெரியப்பா".

அந்தப் பெரியப்பாவை இப்போதும் ஞாபகம் இருக்கிறது. மாப்பிள்ளையின் பெரியப்பா, சாயங்கால ரயிலைப் பிடிக்கவேண்டும். கடை வாசலில் பையோடு நின்று, "ஆச்சா, ஆச்சா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் நின்ற நிலையில் என் சட்டம் பறந்துவிட்டது. அதனால்தான் மூன்றாவது சிடி என்றதும் வயிற்றைக் கலக்கியது. அக்காவிடம் முன்கூட்டியே, "ரொம்ப நம்பாதீங்க" என்று சொல்லிவைத்தேன்.

லேப்டாப்பில் சிடி போடும் இடமே கிடையாது. யுஎஸ்பியில் மாட்டும் மெலிசான டிவிடி ட்ரைவ் ஒன்று வைத்திருக்கிறேன், முதலில் அதில் போட்டேன். முதல் சிடி முக்கால்வாசிவரை வந்து முனக ஆரம்பித்தது. விண்டோஸில் இழுத்துப் போட்டுக் காப்பி செய்தால் சைக்ளிக் ரிடண்டன்சி செக் என்று சொல்லிக் கைவிரித்துவிடும். விசிடியில் இது சகஜம். ஒரு செக்டரில் 2,048 பைட்டுக்குப் பதில் 2,324 பைட் படத்தைத் திணிக்கவேண்டி, கடைசிக் கட்டப் பிழைதிருத்தத்தைத் தியாகம் செய்திருப்பார்கள். கணக்கு வழக்கு எழுதிவைக்கும் சிடிக்கு அது ஆகாது, ஆனால் படத்தில் ஒரு புள்ளி போனால் யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியம். 700 எம்பி சிடியில் 800 எம்பிக்குப் படம் ஏறுவது அதனால்தான்.

சரி என்று பரணிலிருந்து அந்த 52எக்ஸ் கிழவனையே இறக்கினேன். ட்ரே திறக்கவில்லை. முன்னால் இருக்கும் ஊசித்துளையில் காகித க்ளிப்பை விட்டுத் தள்ளித் திறந்தேன். பிரஷ்ஷை எடுத்து ஊசிகளைத் தேய்த்தேன், கை பழக்கம் மறக்கவில்லை. ஐடிஇயை யுஎஸ்பியாக்கும் ஒரு துண்டு வயரில் மாட்டி, கெட்ட சிடியிலிருந்து தரவை மீட்கும் ஐசோபஸ்டர் மென்பொருளில், வேகத்தைக் குறைத்துவைத்துப் படிக்க விட்டேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து செல்போனில் ஜெபமாலை போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் சிடி, கோயிலில் தாலி கட்டியது, ஓரத்தில் தடுமாறினாலும் முழுசாக வந்தது. இரண்டாவது சிடி, பந்தி, பாதிக்கு மேல் செத்துப்போயிருந்தது. மூன்றாவது, பெரியப்பாவின் 48எக்ஸ், ஒரு செக்டர்கூடச் சிணுங்காமல் கடைசிவரை ஓடியது.

எனக்கு நம்பவே முடியவில்லை. நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், மாற்றி எழுதிவிட்டேனா என்று. இல்லை. பிறகுதான் சிடிக்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். முதல் இரண்டிலும் நான் ஒட்டிய ஸ்டிக்கர் இருந்தது. இன்க்ஜெட்டில் அடித்த வட்டமான காகிதம், மாப்பிள்ளை பெண் படம், சுற்றிலும் ரோஜாப்பூ, கீழே என் ஸ்டுடியோ பெயர். தீவில் அப்படிப் போட்டுக் கொடுத்தது நான் ஒருத்தன்தான் என்று எனக்கு அத்தனை பெருமை. மூன்றாவதில் பெரியப்பா நிற்கவிடாததால் ஸ்டிக்கர் ஒட்டவில்லை. மார்க்கரில் வெறுமனே 3 என்று எழுதியிருந்தேன்.

சிடியில் எழுத்து இருப்பது நாம் பத்திரமாகத் துடைக்கும் பளபளப்புப் பக்கத்தில் இல்லை. அந்தப் பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கனமான பிளாஸ்டிக் இருக்கிறது. சாயமும் அதன் மேல் உள்ள வெள்ளிப்பூச்சும் படம் ஒட்டும் பக்கத்தில், மெல்லிய ஒரு அரக்குப் பூச்சுக்கு அடியில். அங்கேதான் நான் பசையும் காகிதமும் வைத்து, உப்பு ஈரம் குடிக்கட்டும் என்று இருபது வருசத்துக்கு விட்டிருக்கிறேன். இரண்டாவது சிடியில் ஸ்டிக்கர் கொப்புளித்து, யாரோ பிள்ளைகள் அதை உரித்தும் பார்த்திருக்கிறார்கள். காகிதத்தோடு வெள்ளியும் வந்துவிட்டது. ஓட்டை வழியாக என் விரல் தெரிந்தது.

எத்தனை டெஸ்ட்! வேகம், பஃபர், கேபிள், சி1, சி2, வெயில். நாற்பது பக்க நோட்டில் ஸ்டிக்கர் என்ற சொல் ஒரே ஒரு இடத்தில் வருகிறது, விலைப்பட்டியலில். ஒன்றுக்குப் பத்து ரூபாய் கூடுதல் என்று.

பந்தி போச்சே அக்கா என்றேன். "பந்திதான, திங்கிறதப் பாக்கவா வந்தேன்" என்றார். மூன்றாவதைப் போட்டுக் காட்டினேன். வழியனுப்பும் இடம் வந்தது. நிறுத்தினேன். பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள், சரிதான். ஆனால் விசிடி படம் 352க்கு 288 புள்ளி. என் மானிட்டரில் பெரிதாக்கினால் இரண்டு கழுத்திலும் மஞ்சளாக ஒரு தீற்றல். அது சங்கிலியா, மாலை நூலா, சேலைக் கரையா, யாரால் சொல்லமுடியும்?

அக்காவால் முடிந்தது. "பாத்தியா தம்பி, ஏங் கழுத்துலதான் கெடக்கு" என்று சொல்லிப் பென்டிரைவை வாங்கிப் பர்ஸில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

நாலாம் நாள் நாத்தனார் வந்தார். அதே இடத்தில் நிறுத்தச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, மூக்கு மானிட்டரில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, தனக்கும் ஒரு காப்பி வேண்டும் என்றார். திருப்தியாகத்தான் இருந்தது முகம்.